டைட்டானியம் துருப்பிடிக்காது, சரி. சீட் போஸ்ட்?

மலேசியாவின் பேராக்கில், பாடாங் ரெங்காஸ் பக்கம் ஒரு ஜப்பான் பழைய சாமான் கடையில் பெயின்ட் இல்லாத சாம்பல் நிற மவுன்டன் பைக் நிற்கிறதாம். டைட்டானியம் என்கிறானாம் கடைக்காரன். எடுக்கலாமா என்று மச்சான் படம் அனுப்பிக் கேட்டான். என்னிடம் அப்படி ஒன்று சில வருடமாகவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பதில் அடித்து மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது டைட்டானியம்தானா? காந்தம் ஒட்டினால் இரும்பு, வந்த வழியே திரும்பிவிடலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து அலுமினிய ஃபிரேமில் பெரும்பாலும் குழாய் தடித்திருக்கும், வெல்டிங் வரியும் பருத்திருக்கும். டைட்டானியத்தில் வரி மெல்லிசாக, சின்னச் சின்ன அலையாக ஓடும். பெடல் மாட்டும் கையான கிராங்கைக் கழற்றக் கடைக்காரன் விட்டால், அதன் அச்சு ஓடும் அடிக்கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரம் வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ என்றால் ஆர்கான் வாயுவை ஒழுங்காக விட்டு ஒட்டியிருக்கிறார்கள். கருநீலமாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் சூட்டில் காற்று பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட மூட்டை நம்ப முடியாது. விரிசல் விட்டால் ஒட்டித்தர சுங்கை சிப்புட்டில் ஆள் கிடையாது.

பிராண்ட் விஷயத்தில் ரொம்ப ஆசைப்படக் கூடாது. ஸ்டிக்கர் உரிந்த ஃபிரேம் என்றாலே மெர்லின், லைட்ஸ்பீட் என்று கனவு காண்பார்கள். இரண்டும் 1986-ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனிகள். ஆரம்பகால மெர்லினில் கிராங்க் அச்சுக் கூட்டுக்குள் மரை இருக்காது, பேரிங்கை அழுத்தி இறக்கியிருப்பார்கள். பின்பக்கத்து மேல்குழாய்கள் சீட் குழாயைத் தாண்டி முன்னால் போய் ஒட்டியிருந்தால் அது ஜிடி கம்பெனியின் அடையாளம். நம் தாத்தா காலத்துக் கங்காணிகள் மிதித்த ரேலிகூட 90-களில் டைனாடெக் என்ற பெயரில் டைட்டானியக் குழாய்களைப் பசை வைத்து ஒட்டி விற்றது. லைட்ஸ்பீட் மற்ற பிராண்டுகளுக்கும் ஃபிரேம் செய்து கொடுத்ததால் வெல்டிங்கைப் பார்த்து மட்டும் பெயர் வைக்க முடியாது.

என்னுடையதற்கு இன்றுவரை பெயர் இல்லை, வயது மட்டும் ஓரளவு தெரியும். சைக்கிள் உதிரி செய்யும் ஜப்பான் கம்பெனி ஷிமானோ அந்தக் காலத்தில் உதிரிகளில் இரண்டு எழுத்து அடிக்கும். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1976. அடுத்தது மாதம். என் கிராங்க் கையின் பின்புறம் எஸ், கே. அதாவது 1994 நவம்பர். கிராங்கை யாராவது மாற்றியிருக்கலாம் என்பது நியாயம்தான். ஆனால் ஃபிரேமில் டிஸ்க் பிரேக்குக்கு இடமில்லை. சீட்டுக்குக் கீழே கேன்டிலீவர் என்ற பழைய வகை பிரேக்கின் கம்பிக்கென்று ஒரு தடுப்பு வெல்ட் செய்திருக்கிறது. ஷிமானோவின் வி-பிரேக் 1996-ல் வந்த பிறகு அந்தத் தடுப்புக்கு வேலை குறைந்துபோனது. கணக்கு ஒத்துப்போகிறது.

இனி என் வயிற்றெரிச்சல்.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை. ஆனால் தன்னோடு ஒட்டியிருக்கும் அலுமினியத்தை அது விட்டுவைக்காது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் ஈரமும் இருந்தால் போதும், அங்கே ஒரு பேட்டரியே வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அரிபடுவது அலுமினியம். அரித்தது வெள்ளைப் பொடியாகி, முன்னைவிட அதிக இடத்தை அடைத்து, சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் அலுமினியக் கம்பத்தை, அதாவது சீட் போஸ்டை, இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் மழையும் வேர்வையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? என் ஃபிரேமுக்குள் எவனோ சொட்டு கிரீஸ்கூடத் தடவாமல் இறக்கிய போஸ்ட். விற்றவன் "எண்ணெய் விட்டால் வந்துடும் பாஸ்" என்றான். வரவில்லை.

சைக்கிள் கடை அங்கிள் "பக்கார் சாஜா" (சுட்டுவிட்டால் போச்சு) என்று தீக்குழலைக் கையில் எடுத்தார். சூடுபட்டால் அலுமினியம் டைட்டானியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும், இன்னும் இறுகத்தான் செய்யும். ரொம்பச் சூடானால் டைட்டானியமும் காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கடைசியில் காஸ்டிக் சோடாதான். தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் வருடக்கணக்காக ஆசிட்டோடு பழகிய என் மாமா பக்கத்தில் நின்றார். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் வாளியைத் தொடவே விடவில்லை. அடிக்கூட்டில் இருந்த அலுமினிய பேரிங் கப்புகளையெல்லாம் முதலில் கழற்றி, போஸ்டின் மேல் முனையை அறுத்து அடைத்து, ஃபிரேமைத் தலைகீழாகக் கட்டி ஊற்றினோம். கொதித்து நுரைத்தது. வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் சிகரெட்கூடக் கூடாது. கறுப்புக் குழம்பாக அலுமினியம் கரைந்து போனது. டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது புது போஸ்ட், காப்பர் பேஸ்ட் தாராளமாகத் தடவி. அப்படியும் மாதா மாதம் உருவித் துடைக்கிறேன். ஒரு மாதம் விட்டால் போஸ்டை இறுக்கும் கழுத்துப் பட்டைக்குக் கீழே வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்து நிற்கிறது! டைட்டானியத்திலேயே போஸ்ட் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் அதன் விலை நான் சைக்கிளுக்குக் கொடுத்த 1,200 வெள்ளியில் (ரிங்கிட்) பாதிக்கு வந்து நிற்கிறது.

ஓட்டம்? மெத்தென்று போகும் என்பதில் பாதி டயரின் புண்ணியம். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இரும்புச் சைக்கிளும் மெத்தென்றுதான் போகும். ஆனால் லிந்தாங் பக்கம் செம்பனைக்குள் போகும் மண்சடக்கில், டிராக்டர் தடம் காய்ந்து கிடக்கும் இடத்தில், இதை ஓட்டிவிட்டு என் தம்பியின் புது அலுமினிய சைக்கிளில் ஏறினால் கை உதறுகிறது. அதை மறைத்துப் பயனில்லை. மட்டை முள் கீறிய கோட்டைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் நாலு தேய் தேய்த்தால் காணாமலே போய்விடுகிறது. செம்மண் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். பெயின்ட் கவலை என்பதே கிடையாது.

மச்சானுக்குப் பதில்: வாங்காதே. உன் கண் முன்னால் சீட் போஸ்டை முழுசாக உருவிக் காட்டினால் மட்டும் விலை பேசு. "அசையுது, அசையுது" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினால் நம்பாதே, சீட் மட்டும்தான் திரும்பும்.

போன மாதம் ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் என்னுடையதை 2,500 வெள்ளிக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. வேண்டுமானால் சீட் போஸ்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.