ஒன்பது வருடமும் நான்கு ஆப்புகளும்

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, என்னோட 1851 நேவியில உங்க 1860 ஆர்மியின் குழலையும் சிலிண்டரையும் மாட்டிப் பார்க்கலாமா?"

முடியாது. நேவி, ஆர்மி இரண்டும் அமெரிக்கக் கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர்கள்; எங்களிடம் இருப்பவை அவற்றின் நகல்கள். நேவியின் .36 (துளை அளவு, அங்குலத்தில்) சிலிண்டர் முன்னும் பின்னும் ஒரே பருமன். ஆர்மிக்கு .44 வேண்டும் என்றபோது கோல்ட் புதிய ஃபிரேமுக்குப் போகவில்லை. சிலிண்டரின் முன்பகுதியை மட்டும் பருமனாக்கி, அது இறங்க ஃபிரேமில் ஒரு படி வெட்டிக்கொண்டது. படி இல்லாத ஃபிரேமில் அது உட்காராது. பதில் அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வருடமாக இந்த இத்தாலிய நகல்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு அத்தோடு நிறுத்த மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடம் 1861 நேவியின் உருண்டைக் குழல் ஒன்று தனியாகக் கிடைத்தது. என் 1851-இன் எட்டுப்பட்டைக் குழலைக் கழற்றிவிட்டு அதை வைத்தேன். அரமே தேவைப்படவில்லை, சரக்கென்று உட்கார்ந்தது. இரண்டுமே ஏழரை அங்குலம், சிலிண்டரும் அதே .36. ஒரு நிமிட வேலையில் கையில் வேறு துப்பாக்கி! அன்று மாலை முழுக்க மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் 1860-இன் நீளமான கைப்பிடியையும் அதிலேயே பூட்டினேன். திருகுகள் எல்லாம் நேராக வந்தன. என் சுண்டுவிரலுக்கு முதல்முறையாக இடம் கிடைத்தது.

இனி ஆப்பு. கோல்ட் வகையில் சிலிண்டருக்கு மேலே பாலம் கிடையாது. நடு அச்சில் குழலைச் செருகி, குறுக்கே ஓர் இரும்பு ஆப்பை அடித்தால் மொத்தமும் நிற்கும். அச்சின் நுனி குழலில் உள்ள துளையின் அடியைத் தொட வேண்டும். என்னுடையதில் தொடவில்லை. குழலைச் சற்றுத் திருப்பி, ஃபிரேமுக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். குழலின் அடி ஃபிரேமின் விளிம்போடு நிற்காமல், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தாண்டிப் போனது. அதாவது அச்சு அவ்வளவு குட்டை. ஆப்பை இறுக்கினால் குழல் பின்னால் இழுபட்டுச் சிலிண்டர் சிக்கும். தளர்த்தினால் இடைவெளி கூடிப் புகை பக்கவாட்டில் அடிக்கும். நகலுக்கென்று இவ்வளவு காசு வாங்குகிறவர்களுக்கு அந்த 3 மில்லிமீட்டர் இரும்பில் என்ன கஞ்சத்தனம்?

துளைக்குள் எஃகு வாஷர் போட்டுச் சரிசெய்தேன். சரி, தீர்ந்தது என்று நினைத்தால், 1861 குழலுக்கு வேறு கனத்தில் வாஷர் வேண்டியிருந்தது. ஆப்பும் வேறு: ஒன்றில் கட்டைவிரலால் போகிறது, இன்னொன்றில் மரச்சுத்தியல் கேட்கிறது. இப்போது என் பெட்டியில் நான்கு ஆப்புகள். எது எதற்கு என்று மறக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயின்டால் எண் போட்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அசலிலும் இதே கதைதான். சாமுவேல் கோல்ட் 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் கடை விரித்தபோது இயந்திரத்தில் செய்த பாகங்களின் துல்லியத்தைத்தான் பெருமையாகப் பேசினார். ஆனால் ஹார்ட்ஃபோர்டில் செய்த அசல் நேவியைக் கழற்றினால் ஃபிரேம், குழல், சிலிண்டர், ஏன் ஆப்பில்கூட ஒரே வரிசை எண் இருக்கும். ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்திய பாகங்கள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, நானும் பெயின்ட் டப்பாவோடு அதே பட்டறையில்தான் நிற்கிறேன்.

தம்பியிடம் இன்னொன்றும் இருக்கிறது: பித்தளை ஃபிரேம் போட்ட .44 "1851". அப்படி ஒன்றை கோல்ட் தயாரித்து விற்றதே இல்லை. பித்தளை ஃபிரேம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கதை. எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜார்ஜியாவில் மேக்கனுக்குப் பக்கத்துக் கிரிஸ்வோல்ட்வில்லில், பருத்தி ஜின் (பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் இயந்திரம்) செய்த ஆலை நேவியைப் பார்த்துச் செய்தது. சுமார் 3,700 துப்பாக்கிகள், எல்லாம் .36, உருண்டைக் குழல். செய்த கைகளில் பெரும்பாலானவை அடிமைகளுடையவை என்பதை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. 1864 நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை ஆலையைக் கொளுத்தியது. ஆகவே தம்பி, அந்த .44-இல் எந்தக் குழலை மாட்டினாலும் வரலாறு கெட்டுவிடாது. வெடிமருந்தை மட்டும் குறைத்துப் போடுங்கள், பித்தளை இழுபடும்.

கோல்ட் நகல் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். கோல்ட்டின் போட்டிக் கம்பெனியான ரெமிங்டனின் நகலை வாங்குங்கள். மேலே பாலம் உண்டு, ஆப்பு கிடையாது, சிலிண்டர் நொடியில் கழலும். அதன் பெயரில் வரும் "1858" என்பது காப்புரிமை வருடம்தான், நியூ மாடல் வந்தது 1863-இல். அதைத் தவிர அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. கடைசியாக எப்போது வெளியே எடுத்தேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை வரும்போது உங்கள் 1851-ஐக் கொண்டு வாருங்கள், என் உருண்டைக் குழலை மாட்டிப் பார்க்கலாம். ஆப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.