899 டாலர் கொடுத்து வாங்கிய உதவித்தொகைப் பட்டியல்

சென்ற ஆண்டு நவம்பரில் என் மகளுக்கு டெக்சஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிவில் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தது. நாங்கள் வசிப்பது நியூ ஜெர்சி. வெளிமாநில மாணவி என்பதால் அவளுக்கு விதிக்கப்படும் கட்டணம் அந்த மாநிலத்துப் பிள்ளைகள் கட்டுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே வாரத்தில், உதவித்தொகைகளைத் தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் சேவையில் 899 டாலர் கட்டிச் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த சேவைகள் பல இருக்கின்றன. அவற்றில் எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்ட வேண்டியதில்லை என்று முடிவு செய்ய எங்கள் ஓராண்டு அனுபவம் உதவக்கூடும்.

கட்டிய பணத்துக்கு அவர்கள் தருவதாகச் சொன்னவை மூன்று. மாணவியின் தகுதிகளுக்குப் பொருந்தும் உதவித்தொகைகளின் பட்டியல் ஒன்று, மூன்று கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது, ஆலோசகர் ஒருவருடன் 45 நிமிடத் தொலைபேசி உரையாடல் இரண்டு. இவற்றுக்கு மேலாக, உதவித்தொகை எதுவும் கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கொட்டை எழுத்தில் இருந்தது. பதிவு செய்தவுடன் ஒரு நீண்ட படிவம் வந்தது. மதிப்பெண், இனம், பெற்றோர் வருமானம், மதம், பொழுதுபோக்கு என்று கேள்விகள் நீண்டுகொண்டே போயின. என் மகள் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அதை நிரப்பினாள்.

பத்து நாள் கழித்து வந்த பட்டியலில் 63 உதவித்தொகைகள் இருந்தன, தொகையின் அளவுப்படி இறங்குவரிசையில். உச்சியில் இருந்தவற்றுள் ஒன்று கோகோ கோலா நிறுவனத்தின் உதவித்தொகை. ஆண்டுதோறும் 150 மாணவர்களுக்குத் தலா 20,000 டாலர் தரும் நல்ல திட்டம்தான்; ஆனால் அதன் விண்ணப்பக் காலம் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், எங்களுக்குப் பட்டியல் வந்ததோ டிசம்பரில். அதற்கு அடுத்ததாக இருந்த கேட்ஸ் உதவித்தொகைக்கும் நாள் கடந்திருந்தது. நாள் இருந்திருந்தாலும் பயனில்லை: பெல் கிராண்ட் என்னும் மத்திய அரசு மானியத்துக்குத் தகுதியுள்ள குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது உரியது. எங்கள் வருமானத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகும் அதைப் பொருத்தம் என்று அனுப்பியவர்கள், அந்தப் படிவத்தை யாரேனும் படித்தார்களா என்ற ஐயத்தை உண்டாக்கினார்கள்.

எஞ்சியவற்றில் 20-க்கு மேற்பட்டவை கட்டுரையே வேண்டாம், மின்னஞ்சல் முகவரி தந்தால் போதும் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை உண்மையில் குலுக்கல் பரிசுகள். இரண்டில் பெயர் கொடுத்துப் பார்த்தோம். அன்று தொடங்கி கல்விக் கடன் விளம்பரங்கள் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை பிக்ஃபியூச்சர், ஃபாஸ்ட்வெப், தொழிலாளர் துறையின் கேரியர்ஒன்ஸ்டாப் ஆகிய இலவசத் தேடல்களிலேயே கிடைக்கின்றன. ஒரு ஞாயிறு பிற்பகலில் நானே தேடிச் சரிபார்த்தேன்.

இந்தப் பட்டியலின் பெரிய குறையாக நான் கருதுவது வேறொன்று. உதவித்தொகைகளைத் தொகையை மட்டும் வைத்து அது வரிசைப்படுத்துகிறது. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஓர் உதவித்தொகையின் மதிப்பை, காசோலையில் எழுதியுள்ள எண்ணைப் பார்த்து அளக்கவே முடியாது. டெக்சஸ் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, டெக்சஸ் மாணவர்களும் போட்டியிடும் ஓர் உதவித்தொகையை வெளிமாநில மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறையாமல் வழங்கினால், அந்த மாணவரிடம் உள்மாநிலக் கட்டணத்தையே வாங்கிக்கொள்ளலாம். இதற்கு வரம்பும் உண்டு: முந்தைய ஆண்டின் அதே பருவத்தில் படித்த மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இச்சலுகையைத் தர முடியாது. ஆகவே எல்லா 1,000 டாலர் உதவித்தொகைக்கும் இந்த வால் ஒட்டியிருக்காது. எதற்கு இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 899 டாலர் பட்டியலின் 63 வரிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எங்களுக்கு இது தெரிய வந்தது தற்செயலாகத்தான். உணவுத் திட்டத்தைப் பற்றிக் கேட்கப் பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகத்தை அழைத்தபோது, மறுமுனையில் பேசிய பெண்மணி பேச்சோடு பேச்சாக, "துறை உதவித்தொகைக்குப் போட்டுவிட்டீர்களா? அது கிடைத்தால் வெளிமாநிலக் கட்டண விலக்கும் சேர்ந்து வர வாய்ப்பிருக்கிறதே" என்றார். பல்கலைக்கழகப் போர்ட்டலில் உதவித்தொகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே விண்ணப்பம் இருந்தது. கடைசி நாளுக்கு எட்டு நாளே மீதம். அதை நிரப்பியதோடு நிறுத்தாமல், எந்தெந்த உதவித்தொகைகளோடு விலக்கும் சேர்ந்து வருகிறது என்று கேட்டு என் மகள் துறை அலுவலகத்துக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. ஏப்ரலில் துறை அவளுக்கு 1,000 டாலர் வழங்கியது.

ஜூலையில் வந்த முதல் பருவக் கட்டண ரசீதை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். 15 கிரெடிட்டுக்கான வெளிமாநிலக் கட்டணம் ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு நான்கு வரி கீழே, கழித்தல் குறியுடன், 6,000 டாலருக்குச் சற்று அதிகமான ஒரு தொகை. உதவித்தொகையின் பாதியான 500 டாலர் அதற்கும் கீழே தனி வரியில், ஏதோ சில்லறை போல நிற்கிறது. ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் மிச்சம் செய்து கொடுத்த அந்த உதவித்தொகை, அந்தச் சேவையின் பட்டியலில் ஒருவேளை இடம்பெற்றிருந்தாலும் தொகை வரிசைப்படி 50-ஆவது இடத்துக்கு அருகில்தான் வந்திருக்கும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது நான்கு ஆண்டுக்கும் எழுதிக் கொடுத்த பட்டயம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் போட்டியிட்டு வாங்க வேண்டும்.

ஆலோசகருடனான முதல் உரையாடலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாநிலங்களுக்கிடையே உள்ள கட்டண ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு கையேட்டை அனுப்பிவைத்து, அதைப் படிக்கச் சொன்னார். மேற்கு மாநிலங்களின் ஒப்பந்தத்தில் வெளிமாநில மாணவர் உள்மாநிலக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. மத்திய மேற்கு மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளிலும் அதே ஒன்றரை மடங்கு வரம்புதான். தென் மாநிலங்களில், சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்பாக இருந்தால் உள்மாநிலக் கட்டணமே போதும். நியூ இங்கிலாந்துக்கும் தனி ஏற்பாடு உண்டு. எல்லாம் அருமையான ஏற்பாடுகள்தான். ஆனால் நியூ ஜெர்சி இந்த நான்கில் எதிலும் உறுப்பினர் இல்லை. நியூ யார்க்கும் பென்சில்வேனியாவும்கூட இல்லை. எங்கள் முகவரி அவர் கண்முன் இருந்தும் இது அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது உரையாடல் என்னைச் சினங்கொள்ள வைத்தது. டெக்சஸில் உறவினர் யாராவது இருந்தால் அவர் முகவரியைக் கொடுத்து மாணவியை உள்மாநிலவாசியாகக் காட்டலாமே என்றார் ஆலோசகர். பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் குடியிருப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பெற்றோர் அந்த மாநிலத்தில் 12 மாதமாவது நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் இன்னும் கடுமை: 366 நாள் அங்கே தங்கியிருப்பதோடு, மாணவர் பொருளாதார ரீதியில் தனித்து நிற்பதையும் பெரும்பாலும் நிரூபிக்க வேண்டும். பொய் முகவரி பிடிபட்டால் இடமே பறிபோகலாம். பணம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு யோசனையைச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரைத் திருத்தத்தைப் பற்றி மட்டும் நல்லதாக எழுத முடிகிறது. திருத்தியவர் யாரோ, அனுபவசாலி. என் மகள், பாலங்களின் மேல் தனக்குள்ள ஆர்வத்தைப் பொதுப்படையாக இரண்டு பத்தி எழுதியிருந்தாள். அவர் அதை முழுவதுமாக அடித்துவிட்டு, எங்கள் ஊர் நடைபாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட பதினோரு வாரமும் அவள் பள்ளிக்குச் சுற்றுவழியில் நடந்த கதையிலிருந்து தொடங்கச் சொன்னார். துறை உதவித்தொகைக்கு அனுப்பிய கட்டுரை அதுதான். இதே நிறுவனம் கட்டுரைத் திருத்தத்தை மட்டும் 120 டாலருக்குத் தனியாக விற்பதைப் பின்னால்தான் கவனித்தோம்.

ஃபாஃப்சா என்னும் கல்வி நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பித் தர அவர்கள் கூடுதலாக 150 டாலர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அது மத்திய அரசின் இலவசப் படிவம், வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும். வருமானம் அதிகம், நமக்கு ஒன்றும் தேறாது என்று அதை விட்டுவிடுவது தவறு. முதலாண்டு மாணவருக்கு அரசு வழங்கும் 5,500 டாலர் வரையிலான கடனுக்கும், பல பல்கலைக்கழகங்களின் சொந்த உதவிக்கும் அதுவே வாசல். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: எச்-1பி பணியாளர்களின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது, குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அத்தகைய குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் தகுதி அடிப்படையிலான உதவித்தொகைதான் கை கொடுக்கும். அந்தச் சேவையின் படிவம் பொழுதுபோக்கைக் கேட்டதே தவிர, விசா நிலையைக் கேட்கவில்லை.

வெளியிலிருந்து வாங்கும் உதவித்தொகை எப்போதும் கூட்டல் கணக்காக அமைவதில்லை என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. என் மகளுக்கு உயர்நிலைப் பள்ளி ஆலோசகர் தந்த ஒற்றைத் தாள் பட்டியலிலிருந்து 750 டாலரும் 500 டாலருமாக இரண்டு கிடைத்தன. சில கல்லூரிகள் இப்படி வரும் தொகைக்கு ஈடாகத் தாங்கள் தருவதைக் குறைத்துவிடும். மேரிலாந்து 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. குறைப்பதானால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டோம். கடன்தான் குறைந்தது.

செலவைக் குறைக்கும் வழிகளுக்கென்று அவர்கள் தந்தது ஒரே ஒரு பக்கம். பழைய புத்தகம் வாங்குங்கள் என்ற அளவில் முடிந்துவிட்டது. நாங்களாகக் கண்டவை அதைவிடப் பயன்பட்டன. பாடப்புத்தகக் கட்டணம் ரசீதில் தானாகவே சேர்ந்திருந்தது. வகுப்பு தொடங்கிய சில நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருந்தது, விலகினோம். கலிபோர்னியாவில் படிக்கும் என் அக்காள் மகனுக்கு மாணவர் மருத்துவக் காப்பீடும் இப்படித்தான் தானாகச் சேர்ந்தது. பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை இருக்கலாம் என்பதால், உரிய நாளுக்குள் விலக்கு கேட்டு அந்தச் செலவை அவன் தவிர்த்தான். கோடையில் எங்கள் கவுண்டிக் கல்லூரியில் ஒரு கணிதப் பாடம் படித்து மாற்றிக்கொள்ள என் மகள் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்கிறாள். இரண்டாம் ஆண்டில் விடுதி உதவியாளர் வேலை கிடைத்தால் அறை வாடகை இராது. கட்ட வேண்டிய வருமான வரியிலேயே ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கல்விக் கழிவு உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் வருமானம் 160,000 டாலரைத் தாண்டியதும் குறையத் தொடங்கி 180,000-இல் நின்றுவிடும். அது கட்டணத்துக்கும் புத்தகத்துக்குமே பொருந்தும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பொருந்தாது.

பணம் திருப்பித் தரும் உத்தரவாதத்துக்கு வருகிறேன். பட்டியலிலுள்ள 63-இல் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் கேட்டுப் பார்த்தேன். குறைந்தது 20 உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நிராகரிப்புக் கடிதம் காட்ட வேண்டும் என்றார்கள். பெரும்பாலான அமைப்புகள் நிராகரிப்புக் கடிதமே அனுப்புவதில்லை. உத்தரவாதம் தருகிறோம், இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்று சொல்லும் சேவைகளிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி, நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நெடுங்காலமாக அறிவுறுத்தி வருவதை நான் முன்பே படித்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் தருகிறேன், அதுவும் அந்தக் கட்டுரைத் திருத்துநருக்காக. அவரது உதவி வேண்டுமானால் 120 டாலர் கட்டித் தனியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான பட்டியல் 299 டாலருக்குத் தயார் என்று சென்ற வாரம் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. துறை உதவித்தொகைக்கான இந்த ஆண்டு விண்ணப்பத்தை என் மகள் அதற்கு முந்தைய வாரமே அனுப்பிவிட்டாள்.