வாழை மகரந்தச் சோதனைக்கு அசிட்டோகார்மைன் பாட்டில்: எந்த வேலைக்கு வாங்கலாம்?

தயார்நிலையில் விற்கும் 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயத்தை, வாழை இனக்கலப்புக்கு உதவாத ஆண் பெற்றோரைக் கழித்துக்கட்டத் தயங்காமல் வாங்கலாம். மகரந்தம் முளைக்குமா என்று பார்க்க நினைத்தால் இந்தப் பாட்டில் உதவாது.

உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை 33 குரோமோசோம் கொண்ட மும்மயங்கள், அதாவது மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளவை. மும்மூன்றாக நிற்கும் குரோமோசோம்கள் குன்றல் பிரிவில் (இனச்செல்களை உருவாக்கும் செல் பிரிவில்) சமமாகப் பங்கு பிரிவதில்லை. மகரந்தத் தூளில் பெரும்பகுதி சூம்பிப்போகிறது. கல்கத்தா 4 போன்ற இருமய (இரண்டு தொகுதி கொண்ட) காட்டு வாழையில் தூள் நிறைவாக இருக்கும். வளமுள்ள இருமயத்தை மும்மயத் தாயோடு கலந்து நான்கு தொகுதி கொண்ட நான்மயம் பெறுவார்கள். அதை மறுபடி ஓர் இருமயத்தோடு கலந்து புது மும்மயம் எடுப்பார்கள். இரண்டு படியிலும் மகரந்தம் இருமயத்துடையது. அது சொத்தையானால் தார் முழுக்கத் தேடினாலும் விதை கிடைக்காது.

சோதனைக்கு அன்று காலை மடல் விரிந்த ஆண் பூவையே எடுக்க வேண்டும். வெடித்த மகரந்தப்பையை ஸ்லைடில் ஒரு சொட்டுச் சாயத்தில் தட்டி, 5 முதல் 10 நிமிடம் விட்டு, நுண்ணோக்கியின் 10 மடங்கு பொருள்வில்லையில் பார்த்தால் போதும். நிறைந்த தூள் உருண்டையாகச் சிவந்திருக்கும். சொத்தை சுருங்கி நிறமற்றுக் கிடக்கும். கவர்ஸ்லிப்பை அழுத்தவே கூடாது. வாழை மகரந்தம் பெரியது, வெளிச்சுவர் மெல்லியது. அழுத்தினால் நல்ல தூளும் உடைந்து கணக்கு கெடும். தூள் ஒட்டும் தன்மை கொண்டதால், திரண்ட கொத்துகளை ஊசியால் பிரித்துவிட்டே எண்ணத் தொடங்க வேண்டும். ஒரே பார்வைப் புலத்தை எண்ணி முடிவு சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெவ்வேறு மரங்களின் பூக்களிலிருந்து குறைந்தது 300 தூளாவது எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

பழைய பாட்டிலில் அடியில் வண்டல் தங்கும். வடிதாளில் வடிக்காமல் போட்டால் சாயத் துகள் மகரந்தம்போலக் கண்ணை ஏமாற்றும். நிறம் வெளிறினால் துரு ஏறிய இரும்பு ஊசியால் சொட்டைத் தொட்டுக் கிளறுங்கள், அடர்த்தி கூடும். சொந்தமாகவும் தயாரிக்கலாம்: 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மி.லி. நீர், 1 கிராம் கார்மைன். புகைபோக்கி அறையில் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடிக்க வேண்டும். அந்த ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும் என்பதால், அந்த வசதி இல்லாதவர்களுக்குப் பாட்டிலே மேல்.

இதன் பெருங்குறை ஒன்று உண்டு. சாயம் தூளுக்குள் சரக்கு இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். வெப்பத்தில் செத்த தூளும் சிவக்கும். சேமித்து வைத்த மகரந்தத்தை இதை நம்பிப் பயன்படுத்தினால் ஒரு பருவத்து உழைப்பே வீணாகிவிடும். அதற்கு முளைப்புச் சோதனைதான் வழி. மகரந்தத்தை முளைக்கவைக்கும் கரைசலான பிரூபேக்கர்-குவாக் ஊடகத்தில் லிட்டருக்கு 100 மி.கி. போரிக் அமிலம், 300 மி.கி. கால்சியம் நைட்ரேட், 200 மி.கி. மக்னீசியம் சல்பேட், 100 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட், 10 சதவீதம் சர்க்கரை. தூள் வெடித்தால் சர்க்கரையைக் கூட்டிப் பாருங்கள். தூளிலிருந்து முளைக்கும் குழல், தூளின் விட்டத்தைவிட நீண்டால் மட்டுமே முளைத்ததாக எண்ண வேண்டும். சாயத்தில் 80 சதவீதம் வந்த இருமயம் இங்கே அதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு. பெற்றோர்களைத் தரம் பிரிக்கும்போது இந்தக் குறைந்த சதவீதத்தையே கணக்கில் எடுங்கள்.