சோலார் அனுமதி: நீங்களே அலைவதா, நிறுவுபவரிடம் விடுவதா?

கூரையில் சோலார் பேனல் ஏற்றுவது பெரும்பாலும் ஓரிரு நாள் வேலை. இழுத்தடிப்பது அதற்கு முன்னும் பின்னும் வரும் அனுமதியும் ஆய்வும்தான். அதை யாரிடம் கொடுப்பது? நாமே விண்ணப்பிக்கலாம், நிறுவுபவரிடமே விடலாம், இல்லை ஆவண வேலைக்கென்று தனியாக ஒரு பொறியாளரை அமர்த்தலாம்.

அனுமதி என்பது ஒன்றல்ல, இரண்டு. கூரையும் வயரிங்கும் பாதுகாப்பானவையா என்று பார்ப்பது உள்ளாட்சி அமைப்பு அல்லது மின் ஆய்வுத் துறை. நம் மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் கலக்கலாமா என்று சொல்வது மின் விநியோக நிறுவனம். முதல் ஆய்வு முடிந்ததுமே சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொதுக் கம்பியில் மின்சாரம் நின்றால் 2 வினாடிக்குள் இன்வெர்ட்டரும் (பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் கருவி) நிற்க வேண்டும் என்று மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1547 தரநிலை கேட்பது, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக. அப்புறம், மீட்டரை மாற்றாமல் ஓட்டினால், நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே எழுதிவிடும் மீட்டர்களும் உண்டு.

நாமே விண்ணப்பித்தால் பணம் கொஞ்சம் மிச்சம். விதிகளும் புரியும். ஆனால் கூரை வரைபடம், சிங்கிள் லைன் டயக்ராம் (பேனலிலிருந்து மீட்டர் வரை மின் இணைப்பை ஒற்றைக் கோடாகக் காட்டும் படம்), கருவிகளின் விவரத்தாள்கள், பாரக் கணக்கு எல்லாம் வேண்டும். பேனலும் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். நல்ல கூரை அதைத் தாங்கும். காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் விசைதான் சிக்கல், அந்தக் கணக்கை அனுபவமில்லாதவர் போடக் கூடாது. இன்னொன்று, அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ, ஆய்வில் வரும் குறைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவரே. வேறொருவர் செய்த வேலைக்கு நாம் பொறுப்பேற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் நிறுவுபவர் பக்கம்தான். படிவமும் அலுவலகமும் அவருக்குப் பழக்கம். ஆனால் சும்மா விட்டுவிடக் கூடாது. கையிருப்பில் இல்லை என்று வேறு மாடல் இன்வெர்ட்டரை மாட்டிவிடுவார்கள். வரைபடத்தில் பழைய மாடலே இருக்கும். ஆய்வாளர் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும். முழுப் பணத்தையும் வாங்கிவிட்டவருக்கு அதைத் திருத்தித் தரும் அவசரம் இருக்காது. கடைசித் தவணையைப் பேனல் ஏறும் நாளோடு அல்ல, மின் இணைப்புக்கான இறுதி அனுமதியோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுஆய்வுக் கட்டணம் யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள். விண்ணப்ப நகல் நம் கையிலும் இருக்கட்டும்.

தனிப் பொறியாளர் என்பது பழைய கூரை, சிறிய மெயின் போர்டு, பேட்டரி சேர்ந்த அமைப்பு போன்றவற்றுக்கு ஏற்றது. சாதாரண வீட்டுக்கு வீண் செலவு.

ஆய்விலும் இரண்டு வகை உண்டு: நேரில் வருவது, படம் அல்லது வீடியோ பார்த்து முடிப்பது. படம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்க முடியாது. பேனல் மூடிய பிறகு, கூரையில் துளையிட்ட இடங்களின் நீர்க்காப்பு, ஓட்டில் உரசித் தொங்கும் வயர், இரு வேறு பிராண்டு கனெக்டர்களைச் சேர்த்து மாட்டிய இடம் எதுவும் நேரில் வருபவர் கண்ணில் எளிதில் படாது. வேலை நடக்கும்போதே எடுத்த படத்தில் தெரியும். ஆனால் திருகு இறுக்கமா, எர்த்திங் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதைப் படம் காட்டாது. பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள டி.சி. பக்கம் தளர்ந்த இணைப்பில் தீப்பொறி கிளம்பினால் எளிதில் அணையாது, ஏ.சி. மின்னோட்டம் அரைச் சுற்றுக்கு ஒரு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், டி.சி. தொடாது. ஆகவே நேரடி ஆய்வையே கேளுங்கள், படங்களையும் நீங்களே எடுத்து வையுங்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பான ஐ.இ.சி.யின் 62446-1 தரநிலைப்படி எர்த் தொடர்ச்சி, துருவம் (ப்ளஸ், மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்பது), மின்காப்புத் தடை (மின்சாரம் கசியாமல் வயரின் உறை தடுக்கும் அளவு) ஆகியவற்றை அளந்து எழுதிய தாளையும் நிறுவுபவரிடம் கேட்டு வாங்குங்கள். 120 வோல்ட்டுக்கு மேற்பட்ட அமைப்பில் மின்காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது.

பின்னாளில் பேட்டரியோ கூடுதல் பேனலோ சேர்த்தால் பல இடங்களில் புதிதாக அனுமதி கேட்பார்கள். அப்போது இந்த வரைபடமும் சோதனைத் தாளும் இருந்தால், முதலிலிருந்து அளந்து வரைய வேண்டியதில்லை.