14,500 ரூபாய்க்கு ஒரு செத்த குழாய்

14,500 ரூபாய். பழைய பொருள்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில், அகச்சிவப்புப் பிம்பக் குழாய் ஒன்றுக்காகப் போன வாரம் கொடுத்தேன். சோவியத் ராணுவ இருப்பில் மிஞ்சியது, பெட்டி பிரிக்காதது என்று போட்டிருந்தார்கள்.

வீட்டிலேயே இரவுநோக்கி, அதாவது இருட்டில் பார்க்கும் கருவி, செய்து பார்ப்பவர்களுக்கு இந்த எஸ்-1 வகைக் குழாயின் அருமை தெரியும். முன்முகத்தில் வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் கலந்த படலம். அகச்சிவப்பு ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் உதிரும். சுமார் 16,000 வோல்ட் அவற்றை இழுத்துப்போய்ப் பின்திரையில் மோதவிட, பச்சையாகப் படம் தெரியும். எல்லாம் வெற்றிடம் இருக்கும்வரைதான். காற்று புகுந்தால் சீசியம் போயிற்று.

எதில் ஏமாந்தேன் தெரியுமா? விற்ற ஆள் விலை பேசவே இல்லை, அறிவுரை சொன்னார். "சார், 18 கிலோவோல்ட்டைத் தாண்டிவிடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் இயக்காதீர்கள், குழாய் வீணாகிவிடும்." பொருள்மேல் இத்தனை அக்கறை உள்ளவரா ஏமாற்றப்போகிறார் என்று அந்த நிமிடமே பணத்தை அனுப்பினேன்.

பழைய டிவியின் ஃப்ளைபேக்கை (உயர் மின்னழுத்தம் தரும் மின்மாற்றி) வைத்து பவர் சப்ளை கட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. இருட்டறையில் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியை எதிரே வைத்து இயக்கினால், திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. விளிம்பில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தேன். கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். அதன்மேல் பசை தடவியிருக்கிறார்கள்! மஞ்சளித்துப்போன பசை, நேற்று தடவியதல்ல.

போன் செய்தால், "வோல்டேஜைக் கூட்டியிருப்பீர்கள், அன்றைக்கே சொன்னேனே சார்" என்கிறார். அந்த அறிவுரை எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வீட்டில் விசேஷம் என்றார். அதற்கு மறுநாள் எடுக்கவே இல்லை. சந்தைக்காரர்களோ, 48 மணி நேரத்துக்குள் புகார் வரவில்லை, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். போனையே எடுக்காதவரிடம் 14,500 ரூபாயை எப்படிப் பேசித் தீர்ப்பது?

வாங்குவோர் பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பவர் சப்ளையை முதலில் கட்டிவைத்துவிட்டுக் குழாயை வாங்குங்கள். புகைப்படத்தை நம்பாதீர்கள், இருட்டில் இயங்குவதை வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். டேப் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும். டேப்பை உரிக்கும் ஆத்திரத்தில் அதை மறந்து தொட்டு வாங்கிய அடியில் என் விரல் இன்னும் மரத்திருக்கிறது.