ரெடிமேட் கஃபன் செட்: வாங்கும் முன் பிரித்துப் பாருங்கள்

துணி, பஞ்சு, கற்பூரம், இலந்தை இலைத் தூள், அத்தர் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும் கஃபன் (இறந்தவருக்கு அணிவிக்கும் துணி) செட்டைப் பல பள்ளிவாசல் ஜமாஅத்துகள் வாங்கி வைக்கின்றன. நல்ல விஷயம். மவுத்தான (இறப்பு நடந்த) வீட்டில் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. துன்பம் தாக்கிய முதல் நேரத்தில் காட்டுவதே பொறுமை என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது அந்த நேரத்தைத்தான். மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களே கண்ணீர் விட்டார்கள், அழுகைக்குத் தடையில்லை. அழுகிறவர் கைக்கு மார்க்கம் வேலையும் தருகிறது: குளிப்பாட்டு, கஃபனிடு, தொழுவி, அடக்கு. அந்த வேலை தடங்கலில்லாமல் நடக்க உதவுகிறதா என்பதை வைத்துத்தான் செட்டை எடை போட வேண்டும்.

துணியில்தான் கோளாறு அதிகம். மேல் போர்வை மய்யித்தின் (இறந்தவர் உடலின்) உயரத்தைவிட இரண்டடியாவது நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கட்ட முடியும். அகலம் ஐந்தடியாவது தேவை. 36 அங்குலத் துணியை நடுவில் ஒட்டுத் தைத்துக் கொடுத்திருந்தால் வேண்டாம், தூக்கும்போது தையல் விட்டுவிடும். கஞ்சி மொடமொடப்பு இருந்தால் ஈரத்தை உறிஞ்சாது. ஒருமுறை அலசிக் காயவைத்து மடித்து வையுங்கள்.

இலந்தைத் தூளை நேராகக் குளிப்பாட்டும் தண்ணீர் வாளியில் கொட்டினால் கட்டி கட்டியாகித் தலைமுடியில் ஒட்டும். தனியே கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். கற்பூரம் கடைசித் தண்ணீருக்கு. வில்லையாகப் போட்டால் கரையாமல் மிதக்கும். நன்றாகப் பொடித்துக் கலக்குங்கள். கொஞ்சம் மீதம் வைத்து நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் என ஸுஜூதில் (தொழுகையில் சிரம் பணியும்போது) தரையில் படும் இடங்களில் தடவலாம்.

ஆண்கள் செட்டில் மூன்று துணி சரியாகவே இருக்கும். பெண்கள் செட்டை அவசியம் எண்ணிப் பாருங்கள், ஐந்து வேண்டும். இஸார் (இடுப்பில் சுற்றும் துணி), சட்டை, தலைத்துணி போக, ஷாஃபிஈ மத்ஹபு (சட்டப் பிரிவு) முறைக்கு இரண்டு போர்வை. ஹனஃபி மத்ஹபு முறைக்கு ஒரு போர்வையும் மார்புத் துணியும்.

குழந்தைகளுக்கென்று தனி அளவு பெரும்பாலும் வருவதில்லை. பெரிய துணியை அளந்து வெட்டும் வேலை பெற்றவர்கள் கண்ணெதிரே நடக்கக் கூடாது. ஒன்றிரண்டை முன்கூட்டியே வெட்டி, மேலே அளவு எழுதித் தனியாக வையுங்கள்.