வினாக்கொத்தா, நேர்காணலா? வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் பற்றிய ஆய்வில் பங்குபற்றுதல்

18 முதல் 25 வரையான வயதைத் தனியொரு வாழ்க்கைக் கட்டமாகக் கருதலாம் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்து, பெரும்பாலும் அமெரிக்க இளையோரைக் கொண்டே உருவானது. உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மகளும், கட்டாரிலிருந்து பணம் அனுப்பும் மகனும் உள்ள திருகோணமலைக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை இங்குள்ள பெற்றோரே சொல்ல வேண்டும்.

அதைக் கேட்கும் ஆய்வில் பெற்றோர் வினாக்கொத்தை நிரப்பியோ நேர்காணலில் பேசியோ பங்குபற்றலாம். வினாக்கொத்து விரைவில் முடிந்துவிடும். பெரும்பாலும் பெயரும் எழுதத் தேவையில்லை. ஆனால் பெயரில்லாத விடைத்தாளை ஒப்படைத்த பின், அது யாருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாதாகையால், மீளப் பெற இயலாது.

நேர்காணலிலோ, மகளின் திருமணப் பேச்சைத் தள்ளிவைத்ததற்கான காரணத்தை ஒரு தாய் தன் சொற்களிலேயே விளக்க முடியும். வினாக்கொத்தில் 1 முதல் 5 வரையான எண்களில் ஒன்றை வட்டமிடுவதால் அது வெளிப்படாது. விரும்பாத கேள்வியைத் தவிர்க்கலாம். குறித்த காலத்துக்குள் விலகிப் பதிவை நீக்கச் சொல்லவும் பொதுவாக இடமுண்டு. எனினும் மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களில் தொழிலும் தெருவும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், பெயரை மாற்றுவது மட்டும் பாதுகாப்பாகாது.

நேரமுள்ளவர்களுக்கு நான் நேர்காணலையே பரிந்துரைப்பேன். ஆனால் சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுபவர் பெற்றோர். பேசப்படுவதோ பிள்ளையின் வாழ்க்கை. ஆகவே, ஒப்பமிடுமுன் அப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.